செம்பருத்தி நாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது: முழுமையான வழிகாட்டி

செம்பருத்தியில் கலப்புச் செய்து விதை எடுப்பது பெரிய வித்தை இல்லை. காலையில் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் நடுத்தண்டு நுனியில் இருக்கும் ஐந்து சூலகமுடிகளிலும் தடவி, காம்பில் நூல் கட்டி வைத்தால் போதும். காய் நின்றுவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் விதை கைக்கு வரும். சிரமம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஒரே காயில் எடுத்த பதினைந்து விதைகளும் பதினைந்து விதமான செடிகளாக வளரும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள மாடியிலும் இடமில்லை, தோட்டத்திலும் இடமில்லை. எதைத் தூக்கி எறிவது என்று தெரியாமல் நல்ல நாற்றைக் கழித்துவிட்டுச் சோப்ளாங்கியை ஐந்து வருடம் வளர்ப்பவர்கள் அதிகம்.

இவ்வளவு வேறுபாடு ஏன் வருகிறது என்பது புரிந்தால் கழிப்பதற்கும் துணிவு வரும். இன்று நர்சரிகளில் பார்க்கும் பெரிய பூக்கள் ஒரே இனத்தின் வாரிசுகள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மொரீஷியஸ் தீவில் சார்லஸ் டெல்ஃபேர் வேற்றினச் செம்பருத்திகளைக் கலந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாயில் அங்குள்ள காட்டினங்களும் கலப்பில் சேர்ந்தன. பிறகு ஃபுளோரிடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆர்வலர்கள் இதையே தீவிரமாகச் செய்தார்கள். அமெரிக்கச் செம்பருத்திச் சங்கம் 1950இல் தொடங்கப்பட்டது. இத்தனை வழிகளில் வந்த இரத்தமும், பல மடங்காகப் பெருகிய குரோமோசோம்களும் ஒரு செடிக்குள் இருப்பதால், தாயும் தந்தையும் பூப்பதைப் பார்த்துப் பிள்ளை எப்படிப் பூக்கும் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலான நாற்றுகள் பெற்றோரைவிடத் தாழ்ந்தே நிற்கும். நூறு நாற்றில் ஒன்றிரண்டு தேறினாலே அது நல்ல ஆண்டு.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒன்றே: செடியின் குறைக்குச் சீக்கிரம் கழியுங்கள், பூவின் குறைக்குத் தாமதமாகக் கழியுங்கள். வேர், தண்டு, இலை, நோய் ஆகியவற்றில் ஒரு நாற்று எப்படிப்பட்டது என்பது ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிடும். பூவின் உண்மையான குணம் தெரிய ஒரு மார்கழியும் ஒரு சித்திரையும் கடக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நோஞ்சான் செடிகளைப் பூ வரட்டும் என்று ஓராண்டு காக்கிறார்கள். வந்த முதல் பூவைப் பார்த்ததும் அன்றே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

முதல் படி: விதைக்கும் முன் எழுதி வைப்பது

எதற்காக இந்தக் கலப்பைச் செய்தீர்கள் என்று ஒரே வரியில் நோட்டில் எழுதுங்கள். "கோடையிலும் மொட்டு உதிராத மஞ்சள்", "இரண்டு நாள் நிற்கும் பூ", "தொட்டிக்கேற்ற குட்டைச் செடி, அடுக்குப் பூ" என்பது போல. பின்னால் கழிக்கும் நாளில் மனம் இளகும்போது இந்த வரிதான் கைகொடுக்கும். அழகாக இருக்கிறது என்பது காரணம் ஆகாது. செம்பருத்தியில் அழகில்லாத பூ அபூர்வம்.

அதோடு, உங்களிடம் எத்தனை பெரிய தொட்டிகளுக்கு இடம் உண்டு என்பதையும் எழுதுங்கள். பூக்கும் வரை ஒரு நாற்றுக்கு எட்டு அங்குலத் தொட்டியாவது வேண்டும். தேறிய செடிக்குப் பன்னிரண்டு அங்குலம். இருபது தொட்டிக்கு இடம் இருப்பவர் இருநூறு விதை போட்டால், நெருக்கத்தில் எல்லாமே கெட்டு எதையும் மதிப்பிட முடியாமல் போகும்.

அடையாள எண் மிக முக்கியம். உலகப் புகழ்பெற்ற 'பீஸ்' ரோஜா, பிரான்சில் மெய்யான் குடும்பத்தின் பண்ணையில் பெயரில்லாத நாற்றாக இருந்தபோது 3-35-40 என்றுதான் குறிக்கப்பட்டது. 3 என்பது கலப்பின் எண், 35 என்பது 1935ஆம் ஆண்டு, 40 என்பது நாற்றின் எண். இதே முறையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகையில் பென்சிலால் எழுதுங்கள். மை நம் வெயிலில் சில மாதத்தில் வெளுத்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். நாற்றைத் தொட்டி மாற்றும்போது பலகையும் உடனே கூடவே போக வேண்டும். பெற்றோர் யாரென்று தெரியாத நாற்று, பூ எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடுத்த கலப்புக்குப் பாதிப் பயன்தான் தரும்.

இரண்டாம் படி: விதையிலும் முளையிலும்

சப்பையாக, அழுத்தினால் நொறுங்கும் விதைகளை விட்டுவிடுங்கள். மற்றவற்றின் கடினமான தோலை நகவெட்டியால் ஓரத்தில் இலேசாகக் கீறி, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் சில நாட்களில் முளைக்கும். கூர்மையான முனைப் பக்கத்தைக் கீற வேண்டாம், முளை அங்கே இருக்கும். முளைக்காதவற்றை ஒரு வாரத்திலேயே கொட்டிவிடாமல் மூன்று நான்கு வாரம் பொறுங்கள். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் விதைத்தோலின் தடிப்பு. அதைக் கொண்டு செடியின் தரத்தை அளக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் கழிக்க வேண்டியவை மிகச் சில. பச்சையமே இல்லாமல் வெள்ளையாக வந்த நாற்று எப்படியும் பிழைக்காது. அடித்தண்டு கறுத்துச் சாய்வது நாற்றழுகல். அதை மண்ணோடு சேர்த்து எடுத்து அப்புறப்படுத்துங்கள். மூன்று வித்திலையோடு வந்தது, ஒரு வித்திலை கிழிந்தது, முதல் இலை கோணலானது ஆகியவை குறையே அல்ல.

உயரத்தைப் பார்த்துக் கழிப்பதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். தட்டின் ஓரத்தில் இருந்த நாற்றுக்கு வெளிச்சம் அதிகம், நடுவில் இருந்ததற்குக் குறைவு. மூன்று நாள் முன்னால் முளைத்தது அந்த வயதில் இரு மடங்காகத் தெரியும். தட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள்.

மூன்றாம் படி: மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை

பெரும் கழிப்பு நடக்க வேண்டிய இடம் இதுதான். பாதிக்கு மேல் இங்கேயே போய்விட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லா நாற்றுக்கும் ஒரே அளவுத் தொட்டி, ஒரே மண் கலவை, ஒரே வெயில், ஒரே தண்ணீர். செம்மண், மக்கிய தொழு உரம், தேங்காய்நார்க் கழிவு ஆகியவற்றை மொத்தமாகக் கலந்து ஒரே நாளில் எல்லாத் தொட்டிகளையும் நிரப்புங்கள். மீதமிருந்த வேறு மண்ணில் வைத்த நான்கு நாற்றுகளை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, தெரியும் குறை செடியுடையதா வளர்ப்புடையதா என்பது. உதாரணமாக, இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது. நம் ஊர்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. காரத்தன்மை கூடும்போது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. நாற்பது நாற்றில் முப்பத்தைந்து மஞ்சளித்தால் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். ஒரு நாற்றையும் கழிக்காதீர்கள். நாற்பதில் மூன்று மட்டும் மஞ்சளித்தால் அந்த மூன்றும் உங்கள் தண்ணீருக்கு ஒத்துவராதவை, கழியுங்கள். அந்த நாற்பதில் முப்பத்தைந்து மஞ்சளித்தபோதும் பசுமையாக நின்ற ஐந்து இருக்கிறதே, அவற்றுக்கு உடனே நூல் கட்டி வையுங்கள். அவற்றின் பூ சுமாராக இருந்தாலும் அவை தோட்டத்துக்குப் பெரும் செல்வம்.

மாவுப்பூச்சிக்கும் இதே கணக்குத்தான். முன்கூட்டியே மருந்து தெளித்துக்கொண்டே இருந்தால் எந்த நாற்று தாங்கும், எது தாங்காது என்று தெரியவே தெரியாது. இந்த மூன்று மாதத்தில் தடுப்பு மருந்தை நிறுத்தி வையுங்கள். பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், கையால் துடைத்தெடுங்கள், எந்தச் செடியில் முதலில் வந்தது, எதில் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துவையுங்கள். ஒரு முறை வந்ததற்காகக் கழிக்க வேண்டாம். மூன்றாம் முறையும் அதே செடியிலிருந்துதான் பரவுகிறது என்றால் அதை வைத்துக்கொள்வது மற்றச் செடிகளுக்குச் செய்யும் துரோகம்.

இலைச் சுருட்டலில் நிதானம் தேவை. மாவுப்பூச்சி சாறு உறிஞ்சும்போது உமிழ்வதால் குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கிக் கொத்தாகிவிடும். பூச்சியை அகற்றிக் குருத்தைக் கிள்ளிவிட்டால் அடுத்த தளிர் நேராக வரும். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியால் வரும் சுருட்டல் அப்படியல்ல. புதிய தளிரும் சுருண்டே வரும், நரம்பு தடித்திருக்கும், செடி வளராது. இரண்டு தளிர் வரை அந்தச் செடியைத் தனியே தள்ளிவைத்துப் பாருங்கள். நச்சுயிரி என்று உறுதியானால் அதே நாளில் வேரோடு எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம். உலகில் எந்த நிறமும் அந்தச் செடியைக் காப்பாற்றத் தகுதியானதில்லை. மறுநாள் கத்தரிக்கோலைச் சாராயத்தில் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

நான்கு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றும் நாள்தான் வேரைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. மண்ணுருண்டையைச் சுற்றி வெளிர்நிறப் புதுவேர்கள் ஓடியிருக்க வேண்டும். மேலே மூன்றே இலை, கீழே நிறைய வேர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அது பின்னால் எழும்பும். மேலே பளபளப்பு, கீழே நாலைந்து நூல் வேர் என்றால் சந்தேகக் குறி. வெளிநாட்டுப் பெரும்பூ வகைகள் பல தம் வேரில் நிற்க முடியாமல், சாதாரணச் செம்பருத்தியின் மேல் ஒட்டுக் கட்டியே வளர்க்கப்படுகின்றன. பூவை மட்டுமே பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்ததன் விலை அது. வீட்டுத் தோட்டத்தில் கலப்புச் செய்யும் நாம் அதே வழியில் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

கிளைப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஆறு மாதத்தில் ஒரே குச்சியாக நிமிர்ந்து போகும் நாற்றின் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளியும் ஒரே கிளைதான் வருகிறது என்றால் அதன் இயல்பு அது. தொட்டிக்கு ஆகாது, வேலிக்கு ஆகலாம்.

நான்காம் படி: முதல் பூ

விதைத்து ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் முதல் மொட்டு வரும். அன்றைக்குக் கழிக்கவும் வேண்டாம், பெயர் வைக்கவும் வேண்டாம். முதல் பூ பெரும்பாலும் சிறுத்திருக்கும், இதழ் ஒழுங்காக விரியாது. அடுக்காகப் போகிற செடிகூட முதலில் ஒற்றையாகப் பூக்கலாம். மகரந்தத் தாள்கள் இதழாக மாறுவதால்தான் அடுக்கு உண்டாகிறது; அந்த மாற்றம் எவ்வளவு நிகழும் என்பது செடியின் வலிமையையும் பருவத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். பத்துப் பூவாவது பார்த்த பிறகே எதையும் முடிவுசெய்யுங்கள்.

நிறத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். சிவப்பு, ஊதா, சாம்பல் சாயல்களைத் தருவது ஆந்தோசயனின் வகை நிறமிகள். இவை குளிர்ச்சியில் செறியும், வெப்பத்தில் மங்கும். மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் கரோட்டினாய்டு வகையால் வருபவை. ஆகவே மார்கழியில் நீலச் சாயலோடு பூத்துத் தெருவையே நிற்கவைத்த நாற்று, சித்திரையில் வெளிறிய ரோஸ் நிறத்தில் பூக்கும். இரண்டும் அதன் உண்மை முகங்கள்தாம். ஆண்டில் எட்டு மாதம் வெப்பமாக இருக்கும் ஊரில் வளர்ப்பவர், எட்டு மாத முகத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும். மலைப்பகுதியில் இருப்பவர் தீர்ப்பு வேறாக இருக்கலாம்; அதில் தவறில்லை.

பூத்த ஒவ்வொரு நாளும் இரண்டு படம் எடுங்கள்: காலை எட்டு மணிக்கு ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று. அளவுகோலை ஓரமாக வைத்து எடுத்தால் பூவின் அகலமும் பதிவாகிவிடும். மாலைப் படத்தில் இதழ் ஓரம் கருகியிருக்கிறதா, நடு நிறம் பரவி அழுக்காகியிருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையும் பூ நின்றால் அதையும் எழுதுங்கள். பழைய வகைகளின் பூ ஒரு நாளில் வாடும். இரண்டு நாள் நிற்பது பெரிய தகுதி.

ஒப்பிடுவதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. செம்பருத்திப் பூவைப் பறித்து வைத்தால் தண்ணீர் இல்லாமலேயே அன்று முழுவதும் விரிந்திருக்கும். புது நாற்றின் பூவையும், அதே நிறத்தில் உங்களிடம் உள்ள ஆகச் சிறந்த வகையின் பூவையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நினைவில் இருக்கும் பூவோடு ஒப்பிட்டால் கண் முன்னால் இருப்பதுதான் எப்போதும் ஜெயிக்கும். மேசை மீது வைத்தால் பழையது ஜெயிப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஏற்கெனவே இருப்பதைவிட எதிலுமே மேம்படாத நாற்றுக்கு இடம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

பத்துப் பூவுக்குப் பின் கீழ்க்கண்டவை மாறாமல் இருந்தால் தயங்காமல் கழிக்கலாம்:
- மற்றச் செடிகள் மொட்டைத் தாங்கும் நாட்களிலும் இது மட்டும் உதிர்ப்பது.
- மொட்டு பாதி விரிந்து அப்படியே நின்றுவிடுவது.
- காம்பு மெலிந்து பூ தரையைப் பார்ப்பது. தொங்குவதற்கென்றே வளர்க்கும் வகைகளுக்கு இது பொருந்தாது.
- இலைக் கூட்டத்துக்குள்ளேயே பூத்துக் கண்ணில் படாமல் போவது.
- மாதத்துக்கு ஒரு பூ.

கடைசியாகச் சொன்னதில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை பிரமாதமாகப் பூக்கும் செடியின் படம் நம் கையில் இருக்கும், அந்தப் படத்துக்காகச் செடியை வைத்திருப்போம். தோட்டத்தில் மீதி இருபத்தொன்பது நாளும் இருப்பது வெறும் இலைதான்.

மொட்டு உதிர்வதை மதிப்பிடும்போது ஏப்ரல், மே மாதங்களைத் தனியாக வையுங்கள். அப்போது தண்ணீர் ஒரு நாள் தவறினாலே நல்ல வகைகளும் மொட்டை உதிர்க்கும். இலைப்பேன் மொட்டுக்குள் புகுந்தாலும் உதிரும். உதிர்ந்த மொட்டைப் பிரித்துப் பாருங்கள். எல்லாம் உதிர்க்கும் கோடையில் பாதி மொட்டையாவது விரியவைக்கும் நாற்று கிடைத்தால், நிறம் எதுவானாலும் அது வைத்துக்கொள்ள வேண்டிய செடி.

ஐந்தாம் படி: குச்சி வைத்துப் பார்ப்பது

இதுவரை தேறியவை நாலைந்துதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் பென்சில் தடிமனில் முற்றாத பழுப்புக் கிளைகளை வெட்டி, ஆறு குச்சிகள் நடுங்கள். மழைக்காலத்தின் ஈரத்தில் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்க வேண்டும். ஆறில் நான்கு குச்சிகளாவது பிடித்தால் மகிழ்ச்சி. ஒன்றும் பிடிக்காவிட்டால் இன்னொரு பருவத்தில் மறுமுறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால், ஒட்டுக் கட்டி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பூ அபூர்வமானதா என்று நோட்டில் எழுதிய முதல் வரியோடு ஒப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குச்சிச் செடிகளில் ஒன்றை வேறு ஊரில், வேறு தண்ணீரில் வளர்க்கும் நண்பருக்குக் கொடுங்கள். உங்கள் மாடியில் மட்டும் நன்றாக இருக்கும் செடி எது, எங்கும் நன்றாக இருக்கும் செடி எது என்பது அப்படித்தான் தெரியவரும். வீட்டில் ஏதாவது ஒரு காரணத்தால் தாய்ச்செடி பட்டுப்போனாலும் வகை தப்பிக்கும்.

குச்சியில் பெருக்க முடிகிற செடி என்பதால்தான் செம்பருத்தியில் ஒற்றைச் செடியைத் தேர்ந்தாலே வேலை முடிகிறது. தக்காளி, மிளகாய் போன்று விதையாலேயே பெருகுபவற்றில் இந்த வழி போதாது. அங்கே தேர்ந்த செடியின் விதையை மறுபடி விதைத்து, மறுபடி கழித்து, குணம் நிலைக்க ஆறு தலைமுறை வரை தொடர வேண்டியிருக்கும். இந்த வழிகாட்டியை அவற்றுக்கு அப்படியே பயன்படுத்த வேண்டாம்.

ஆறாம் படி: பூவுக்காக அல்ல, கலப்புக்காக வைத்துக்கொள்பவை

சில நாற்றுகள் தோட்டத்துக்கு ஆகாது, ஆனால் பெற்றோராக ஆகும். வேர் அசாத்திய வலிமை, பூ சாதாரணம். அல்லது இரண்டு நாள் நிற்கும் பூ, நிறம் மட்டும் மங்கல். முதல் தலைமுறையில் ஒளிந்திருக்கும் குணம் அடுத்த கலப்பில் வெளிப்படலாம் என்பதால் இவற்றுக்கு இடம் கொடுப்பது நியாயமே. ஆனால் இந்தக் கதவு வழியாகத்தான் கழிக்க மனமில்லாத எல்லாச் செடிகளும் உள்ளே வந்துவிடும். எனவே எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பலகையின் பின்புறம் எந்தக் குணத்துக்காக, எந்தச் செடியோடு சேர்க்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அதோடு, காய் பிடிக்கிறதா, மகரந்தம் நன்றாகக் கொட்டுகிறதா என்று சோதியுங்கள். நம் ஊர்ச் சாதாரண ஒற்றைச் சிவப்பு பெரும்பாலும் காய்ப்பதில்லை. அதைப் போலக் காயும் பிடிக்காமல் மகரந்தமும் பலிக்காமல் இருக்கும் நாற்றை, பெற்றோர் என்ற பெயரில் வைத்திருக்க முடியாது. ஓராண்டில் ஒரு கலப்புக்கும் பயன்படாததை விடுவித்துவிடுங்கள்.

கழித்தவற்றை என்ன செய்வது

கலிஃபோர்னியாவில் புதுச் செடி வகைகளை உருவாக்கிய லூதர் பர்பாங்க் பல்லாயிரக்கணக்கான கலப்புச் செடிகளை வேரோடு பிடுங்கிக் குவித்து எரித்தார். சிலவற்றை மட்டுமே வைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தாருக்கு அது வீண்செலவாகத் தெரிந்தது. வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு கடுமை தேவையில்லை. நோயுள்ளவை போக மற்ற எல்லாவற்றுக்கும் வேறு வாழ்வு உண்டு.

வேர் பலமாகவும் பூ எளிமையாகவும் இருப்பதை ஒட்டுக்கான அடிச்செடியாக வைத்துக்கொள்ளலாம். நெடுநெடுவென்று வளர்வதை வேலியில் நடலாம். தினம் பூக்கும் ஒற்றைச் சிவப்புக்குப் பூசைக்குப் பூ தேடும் வீடு எந்தத் தெருவிலும் இருக்கும். தலைக்கு இலை அரைத்துப் பூசுபவர்களுக்குப் பூவின் அழகு ஒரு பொருட்டே இல்லை. கொடுக்கும்போது எண் எழுதிய பலகையை மட்டும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். கழித்த நாற்று உங்கள் எண்ணோடு கைமாறி ஊர் சுற்றினால், சில ஆண்டுகள் கழித்து யாரோ அதற்கு ஒரு பெயர் சூட்டி விற்பார்கள். உங்கள் நல்ல செடியின் பெயர் அதனால் கெடும்.

தேறிய செடிக்குப் பெயர் வைக்க, குச்சியிலிருந்து வளர்ந்த அதன் பிள்ளைகளும் தாயைப் போலவே ஒரு முழுக் கோடையைக் கடக்கும் வரை காத்திருங்கள். அதுவரை எண்ணே போதும். ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில் கோடையின் களைப்பு நீங்கிச் செடிகள் துளிர்க்கும் நேரத்தில், தேறியவற்றையும் வரிசையாக நிறுத்தி மறுபடி பாருங்கள். அதற்குள் புதிதாக வந்த நாற்று ஒன்று பழைய தேர்வை முந்தியிருக்கும். அப்போது கழிய வேண்டியது பழையதுதான்.